கேஷ்பேக் ஏறவில்லை, கூப்பன் வேலை செய்யவில்லை: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அது எங்கே நின்றுபோனது என்று தேட முடியும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆன்லைன் கடைகள், வாடிக்கையாளரைக் கூட்டிவருபவர்களுக்கு விற்பனையில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கொடுக்கின்றன. இதற்கு அஃபிலியேட் ஏற்பாடு என்று பெயர். அமேசான் 1996-லேயே இதைத் தொடங்கிவிட்டது. கூப்பன் தளங்களும் கேஷ்பேக் தளங்களும் பெரும்பாலும் இந்தக் கமிஷனில்தான் ஓடுகின்றன. வெறும் கூப்பன் தளம் கமிஷனைத் தானே வைத்துக்கொண்டு, உங்களுக்குத் தள்ளுபடிக் கோடை மட்டும் காட்டும். கேஷ்பேக் தளம் கமிஷனில் ஒரு பகுதியை உங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அமெரிக்காவில் ஈபேட்ஸ் 1999-ல் இந்த வழியில் வந்தது. 2014-ல் ஜப்பானின் ராகுடென் அதைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தியாவில் கேஷ்கரோ 2013-ல் வந்தது.

ஆக, உங்கள் கணக்கில் ஏறும் 100 ரூபாய்க்கு முன்னால் ஒரு சாட்சியம் இருக்கிறது. “இந்த ஆளை நான்தான் கூட்டி வந்தேன்” என்று தளம் கடைக்குக் காட்ட வேண்டும், கடை அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேஷ்பேக் தளத்தில் நீங்கள் கடையின் பொத்தானைத் தட்டியதும் அந்தக் கிளிக்குக்கு ஓர் எண் உருவாகிறது. அது கடையின் பக்கத்துக்குக் கூடவே போய், உங்கள் பிரவுசரில் குக்கீயாக, அதாவது பிரவுசர் சேமித்து வைக்கும் ஒரு சிறு குறிப்பாக உட்காருகிறது. நீங்கள் பணம் கட்டியதும், அந்த எண்ணோடு ஆர்டர் விவரம் திரும்பி வருகிறது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தப் பாதையில் எங்கோ எண் தொலைந்துபோவதுதான்.

ஆர்டர் போட்டாயிற்று, கணக்கில் எதுவுமே ஏறவில்லை

உடனே பதற வேண்டாம். சில கடைகள் ஒரு மணி நேரத்தில் தகவல் அனுப்பும், சில 2, 3 நாள் எடுக்கும். தீபாவளி விற்பனை போன்ற நாட்களில் இன்னும் தள்ளும். கடையின் பெயரைத் தட்டினால் வரும் பக்கத்தில், எத்தனை மணி நேரத்தில் ஏறும் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தக் கெடு தாண்டிய பிறகு தேடத் தொடங்குங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, தளத்தில் உங்கள் கணக்குக்குள் இருக்கும் கிளிக் பட்டியல். சில தளங்களில் ‘என் கிளிக்குகள்’ என்று தனியாக இருக்கும். சிலவற்றில் புகார் கொடுக்கப் போனால்தான் அந்தப் பட்டியல் கண்ணில் படும். ஆர்டர் போட்ட நேரத்துக்குச் சற்று முன்னால் அந்தக் கடைக்கு ஒரு கிளிக் பதிவாகியிருக்கிறதா?

பதிவே இல்லை என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. ஒன்று, நீங்கள் லாகின் செய்யாமல் தட்டியிருக்கிறீர்கள். அல்லது, பிரவுசரில் ஏற்கெனவே திறந்து வைத்திருந்த கடையின் டேபுக்குப் போய் வாங்கியிருக்கிறீர்கள். இந்த ஆர்டருக்குத் தளத்திடம் சாட்சியமே கிடையாது, புகார் கொடுத்தும் பயனில்லை.

கிளிக் பதிவாகியும் ஆர்டர் ஏறவில்லை என்றால், நடுவில் யாரோ வந்திருக்கிறார்கள். அடிக்கடி நடப்பது இதுதான், பலருக்குத் தெரியாததும் இதுதான்.

பெரும்பாலான கடைகள் கடைசிக் கிளிக்குக்குத்தான் கமிஷன் தரும். நீங்கள் கேஷ்பேக் தளம் வழியாகக் கடைக்குள் போகிறீர்கள், செருப்பைக் கார்ட்டில் போடுகிறீர்கள். பணம் கட்டும் பக்கத்தில் ‘கூப்பன் கோட் உள்ளதா?’ என்ற கட்டம் கண்ணில் படுகிறது. சும்மா தேடிப் பார்ப்போமே என்று இன்னொரு டேபில் கூகுளைத் திறந்து, ஏதோ ஒரு கூப்பன் தளத்துக்குப் போய், ‘கோடைக் காட்டு’ என்பதைத் தட்டுகிறீர்கள். அந்தத் தட்டலில் கோட் ஒரு டேபில் தெரியும், கடையின் பக்கம் இன்னொரு டேபில் தானாகத் திறக்கும். அப்படித் திறந்த கணத்தில் கூப்பன் தளத்தின் எண் உங்கள் பிரவுசரில் ஏறி, கேஷ்பேக் தளத்தின் எண்ணை அடித்துவிடுகிறது. அந்தக் கோட் செல்லாமல் போனாலும் கமிஷன் கூப்பன் தளத்துக்குத்தான். காலாவதியான கோடுகளைச் சில தளங்கள் வருடக்கணக்கில் எடுக்காமல் வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். செத்த கோடும் அவர்களுக்குக் கிளிக் கொண்டுவருகிறது. நஷ்டம் முழுக்க உங்களுக்கு.

விலை ஒப்பிடும் தளம், யூடியூப் விமர்சனத்தின் கீழே இருக்கும் இணைப்பு, டெலிகிராம் குழுவில் வரும் ‘டீல்’, கூகுளில் கடையின் பெயரைத் தேடும்போது மேலே வரும் விளம்பரம், இவையும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. ஆகவே வரிசை முக்கியம். விலை ஒப்பிடுவது, விமர்சனம் பார்ப்பது, கோட் தேடுவது எல்லாவற்றையும் முதலில் முடியுங்கள். கேஷ்பேக் தளத்தின் பொத்தானைக் கடைசியாகத் தட்டுங்கள். தட்டிய பிறகு அதே டேபில் நேராகப் பணம் கட்டி முடியுங்கள்.

பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும், அதாவது பிரவுசரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் சிறு செயலிகளையும் பார்க்க வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில் ஒரு பெட்டி எழும்பி, ‘உங்களுக்காகக் கூப்பன் தேடட்டுமா?’ என்று கேட்கும். நீங்கள் சரி என்றதும் அதன் எண் ஏறலாம். பேபால் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய ஹனி எக்ஸ்டென்ஷன் மீது 2024 டிசம்பரில் எழுந்த குற்றச்சாட்டும் இதைப் பற்றியதுதான். யூடியூபர்களின் இணைப்பு வழியாக வந்தவர்களுக்கும், கடைசி நிமிடத்தில் தன் எண்ணைப் போட்டுக் கமிஷனை எடுத்துக்கொண்டது என்றார்கள். அமெரிக்காவில் வழக்குகளும் தொடுக்கப்பட்டன. 2025 மார்ச்சில் குரோம் தன் விதிகளைத் திருத்தி, பயனருக்கு நேரடிப் பலன் இல்லாமல் எக்ஸ்டென்ஷன்கள் கமிஷன் இணைப்பைச் செருகக்கூடாது என்றது. விதி இருந்தாலும், கேஷ்பேக்குக்காக வாங்கும் பிரவுசரில் இரண்டு கூப்பன் எக்ஸ்டென்ஷன்களை ஒன்றாக வைக்காதீர்கள்.

முன்கூட்டியே கார்ட்டில் போட்டு வைத்த பொருளும் சிக்கல்தான். அமேசானின் அஃபிலியேட் விதிப்படி, இணைப்பைத் தட்டி 24 மணி நேரத்துக்குள் கார்ட்டில் போட்ட பொருளுக்குத்தான் கணக்கு. போன வாரமே கார்ட்டில் கிடந்த மிக்சிக்கு இன்றைய கிளிக் உதவாது. கார்ட்டைக் காலி செய்யுங்கள், கிளிக் செய்யுங்கள், திரும்பவும் போடுங்கள். பொருள் மறந்துவிடும் என்றால் ‘விஷ்லிஸ்ட்’டுக்கு மாற்றி வைக்கலாம்.

அடுத்தது போன். தளத்தின் பொத்தானைத் தட்டினால் சில போன்களில் கடையின் ஆப் தானாகத் திறக்கும். சில கடைகள் ஆப் ஆர்டருக்கும் கமிஷன் தருகின்றன, சில தருவதில்லை, சில ஆப்பில் மட்டுமே தருகின்றன. இதுவும் கடையின் பக்கத்தில் எழுதியிருக்கும். பிரவுசரில் தொடங்கிவிட்டு, ‘ஆப்பில் விலை குறைவு’ என்ற அறிவிப்பைப் பார்த்து நடுவில் ஆப்புக்குத் தாவுவதுதான் பலருக்குக் கைவிட்டுப் போகும் இடம்.

கடைசியாக, பிரவுசரே தடுப்பது. சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது நீங்கள் பார்க்கும் தளம் அல்லாத வேறு தளங்கள் போடும் குக்கீகளை மொத்தமாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ் ஆகியவற்றிலும் தடுப்பு உண்டு. விளம்பரத் தடுப்பான் போட்டிருந்தால், கடைக்கும் கேஷ்பேக் தளத்துக்கும் இடையில் கமிஷன் கணக்கைப் பார்க்கும் அஃபிலியேட் நிறுவனத்தின் முகவரியையே அது திறக்க விடாது. இதற்கெல்லாம் எளிய தீர்வு, வாங்குவதற்கென்றே தனியாக ஒரு பிரவுசர். எந்த எக்ஸ்டென்ஷனும் இல்லாமல், குக்கீயை அனுமதித்து, கேஷ்பேக் தளத்தில் லாகின் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் பயன்படுத்தும் பிரவுசரின் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டியதில்லை.

பாதை சரியாக இருக்கிறதா என்று வாங்கும் முன்னரே கண்ணால் பார்க்கவும் வழியிருக்கிறது. பொத்தானைத் தட்டியதும் மேலே முகவரிப் பட்டையைக் கவனியுங்கள். இரண்டு மூன்று முகவரிகள் மின்னல்போல மாறி, கடையின் முகவரியில் போய் நிற்கும். நின்ற முகவரியில் கடையின் பெயருக்குப் பிறகு ஒரு கேள்விக்குறி, அதன் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வால் இருந்தால் எண் வந்துசேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சில கடைகள் வாலை உடனே மறைத்துவிடும் என்பதால், இல்லாததை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஆனால் இடையில் பக்கம் வெள்ளையாக நின்றாலோ, ‘இந்தத் தளத்தைத் திறக்க முடியவில்லை’ என்று வந்தாலோ, அப்படியே கடைக்குள் போய் வாங்காதீர்கள்.

ஏறியது, ஆனால் சொன்னதை விடக் குறைவு

இது பெரும்பாலும் கணக்குதான். 2,360 ரூபாய்க்கு ஒரு மிக்சி, 5% கேஷ்பேக். 118 ரூபாய் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். பல கடைகள் ஜிஎஸ்டி நீங்கிய தொகைக்குத்தான் கமிஷன் கணக்கிடும். 18% வரியைக் கழித்தால் 2,000 ரூபாய், அதில் 5% என்றால் 100. நடுவில் 236 ரூபாய்க்கு ஒரு கூப்பனும் போட்டிருந்தால், கட்டியது 2,124, வரி நீங்கியது 1,800, கேஷ்பேக் 90 ரூபாய். டெலிவரிக் கட்டணத்துக்கும் வாலட்டில் இருந்து கழித்த தொகைக்கும் பொதுவாகக் கமிஷன் கிடையாது.

‘12% வரை’ என்பதில் உள்ள ‘வரை’யைக் கவனிக்க வேண்டும். அந்த 12% ஏதோ ஒரு வகைப் பொருளுக்கு, அநேகமாகத் துணிக்கோ அழகுசாதனப் பொருளுக்கோ. மொபைல் போனுக்கு மிகக் குறைவு அல்லது ஒன்றுமே இருக்காது. தங்க நாணயம், கிஃப்ட் கார்ட், ரீசார்ஜ் எல்லாம் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். அந்தக் கடையில் முதன்முதலாக வாங்குபவருக்கு ஒரு விகிதம், பழைய வாடிக்கையாளருக்கு இன்னொரு விகிதம் என்பதும் உண்டு.

ஏறிய பிறகு ‘ரிஜெக்ட்’ ஆகிவிட்டது

பொருளைத் திருப்பி அனுப்பியிருந்தால் காரணம் வெளிப்படை. வெளிப்படையாகத் தெரியாதவை மூன்று.

ஒன்று, அளவு மாற்றுவது. 40 சைஸ் சட்டையை 42-க்கு மாற்றிக் கேட்கிறீர்கள். சில கடைகளில் பழைய ஆர்டரை ரத்து செய்துவிட்டுப் புது ஆர்டர் ஒன்று போடுவார்கள். பழையது ரத்தானதால் அதன் கமிஷன் போயிற்று. புதியதற்குக் கிளிக் எண் இல்லை. சட்டை உங்களிடம் இருக்கிறது, கடைக்கும் பணம் போய்விட்டது, கேஷ்பேக் மட்டும் இல்லை. எனக்கு இது நியாயமாகவே படவில்லை. ஆனாலும் விதி அப்படித்தான் இருக்கிறது. சைஸ் சந்தேகமாக இருந்தால் கேஷ்பேக்கை எதிர்பார்க்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு, வெளியிலிருந்து கொண்டுவந்த கோட். கேஷ்பேக் தளத்தின் கடைப் பக்கத்தில் இல்லாத கோடை, அதாவது அலுவலகத்தில் தந்ததையோ எஸ்எம்எஸ்ஸில் வந்ததையோ போட்டால், சில கடைகள் கமிஷனை மறுத்துவிடும். கோடினால் மிச்சமாவது 300 ரூபாய், கேஷ்பேக் 90 ரூபாய் என்றால் கோடையே போடுங்கள். கூட்டிக் கழித்துப் பார்த்து எது பெரிதோ அது.

மூன்று, ஒரே பொருளை நிறைய எண்ணிக்கையில் வாங்குவது. மறுவிற்பனைக்கு வாங்குகிறார் என்று கடை முடிவு செய்தால், அந்த ஆர்டருக்குக் கமிஷன் தராது.

காரணம் இவை எதுவும் இல்லை என்றால் புகார் கொடுங்கள். நன்றாக எழுதிய புகாருக்கு மதிப்பு இருக்கிறது. ஏனென்றால் தளம் அதை அப்படியே கடைக்கோ, நடுவில் இருக்கும் அஃபிலியேட் நிறுவனத்துக்கோ அனுப்பும். ஆர்டர் எண், ஆர்டர் போட்ட தேதியும் நேரமும், கட்டிய தொகை, கிளிக் பதிவான நேரம், டெலிவரி ஆன பிறகு கிடைக்கும் இன்வாய்ஸ், இவற்றை வையுங்கள். ‘மூன்று மாதமாக ஏமாற்றுகிறீர்கள்’ என்று தொடங்கும் புகாரில் இந்த விவரங்கள் பெரும்பாலும் இருக்காது, அதனாலேயே நிற்காது. புகாருக்குக் கெடுவும் உண்டு, வாங்கிய சில நாட்கள் அல்லது வாரங்களுக்குள் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். கெடு எத்தனை நாள் என்று வாங்கும் அன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் ‘பெண்டிங்’

இது பல நேரம் கோளாறே இல்லை. ரிட்டர்ன் காலம் முடியும் வரை கடை எதையும் உறுதி செய்யாது. முடிந்த பிறகு மாதம் ஒருமுறை கணக்குப் பார்த்து அஃபிலியேட் நிறுவனத்துக்கு அனுப்பும், அங்கிருந்து தளத்துக்கு வர வேண்டும். துணி, வீட்டுப் பொருளுக்கு 2, 3 மாதம் சாதாரணம். விமான டிக்கெட் என்றால் பயணம் முடிந்த பிறகு, ஹோட்டல் என்றால் தங்கிவிட்டுக் காலி செய்த பிறகு. பொங்கலுக்கு ஊருக்குப் போக செப்டம்பரிலேயே போட்ட டிக்கெட்டின் கேஷ்பேக்கை நவம்பரில் தேடினால் கிடைக்காது.

தளம் தானே குறிப்பிட்ட தேதி தாண்டியும் நகரவில்லை என்றால் கேளுங்கள். அப்படிக் கேட்டும் ஒவ்வொரு முறையும் தேதியை மட்டும் தள்ளிப் போடும் தளத்தில் இன்னொரு ஆர்டரைப் போடாதீர்கள்.

‘கன்ஃபர்ம்’ ஆகிவிட்டது, பணத்தை எடுக்க முடியவில்லை

இரண்டு இடத்தில் பாருங்கள். எடுப்பதற்கு ஒரு குறைந்தபட்சத் தொகை இருக்கும், அது நிரம்பியிருக்கிறதா? அடுத்தது, உங்கள் கணக்கில் இருப்பது ‘கேஷ்பேக்’கா, ‘ரிவார்ட்ஸ்’ஸா? இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கும் தளங்கள் உண்டு. கேஷ்பேக் வங்கிக்கோ யுபிஐக்கோ போகும், ரிவார்ட்ஸ் கிஃப்ட் வவுச்சராகத்தான் கிடைக்கும். கணக்கில் 400 என்று மொத்தமாகத் தெரியும், ஆனால் வங்கிக்குப் போகக்கூடியது 150 ஆக இருக்கும்.

எடுக்க முடிகிற அளவு சேர்ந்ததும் எடுத்துவிடுங்கள். அங்கே இருக்கும் தொகைக்கு வட்டி இல்லை, வைப்புக் காப்பீடும் இல்லை. தளம் மூடிவிட்டால் யாரிடம் கேட்பது?

கூப்பன் கோட் ‘செல்லாது’ என்கிறது

காப்பி செய்யும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கையால் அடித்தால் ஆங்கில ஓ எழுத்தும் பூஜ்யமும் மாறிப்போகும். இவை சில்லறைக் காரணங்கள், பத்து விநாடியில் சரியாகும்.

அடுத்து குறைந்தபட்சத் தொகை. ‘999 ரூபாய்க்கு மேல்’ என்றால், கடையின் மற்றத் தள்ளுபடிகள் கழிந்த பிறகு 999 இருக்க வேண்டும் என்பதே வழக்கம். 1,050 ரூபாய்க்குப் போட்டிருந்தும் தானாகக் கழிந்த 100 ரூபாயால் 950 ஆகிவிட்டால் கோட் விழாது.

வங்கிச் சலுகைக் கோட் என்றால், கார்டின் முதல் 6 அல்லது 8 இலக்கங்களை வைத்துக் கடை வங்கியையும் கார்டு வகையையும் கண்டுகொள்ளும். அதே வங்கியின் கார்டாக இருந்தும் டெபிட்டுக்குப் பதில் கிரெடிட், சாதாரணப் பணத்துக்குப் பதில் இஎம்ஐ என்று நிபந்தனை மாறினால் விழாது. ‘புது வாடிக்கையாளருக்கு மட்டும்’ என்பதைக் கடை மின்னஞ்சலை மட்டும் வைத்துப் பார்ப்பதில்லை, போன் எண், டெலிவரி முகவரி, பயன்படுத்தும் போன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். வீட்டில் ஒருவர் ஏற்கெனவே வாங்கியிருந்தால் இன்னொருவருக்கு மறுக்கப்படுவது இதனால்தான்.

ஒருவருக்கென்று தனியாக அனுப்பிய கோடுகளும் கூப்பன் தளங்களில் சுற்றுகின்றன. எழுத்தும் எண்ணும் தாறுமாறாகக் கலந்து 10, 12 எழுத்து நீளத்தில் இருந்தால் அது அநேகமாக ஒருமுறை மட்டும் செல்லும் கோட். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரே கடைக்கு மூன்று கோடுகள் விழவில்லை என்றால் நான்காவதைத் தேடாதீர்கள். ஒவ்வொரு ‘கோடைக் காட்டு’ தட்டலும் உங்கள் கேஷ்பேக்கை அடிக்கிறது என்பதை மேலே பார்த்தோம்.

‘இன்னும் 2 நிமிடம்தான்’ என்று ஓடும் கடிகாரத்தைப் பார்த்து அவசரப்படவும் வேண்டாம். பக்கத்தைப் புதுப்பித்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறதா என்று பாருங்கள். பொய்யான அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. அதில் பட்டியலிட்ட 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

பணத்தைப் பெற ஓடிபி அல்லது யுபிஐ பின் கேட்கிறார்கள்

இங்கே எதையும் சரிசெய்யப் பார்க்காதீர்கள். போனை வையுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின்னைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம். ‘உங்களுக்கு 1,999 ரூபாய் கேஷ்பேக்’ என்று வரும் க்யூஆர் கோடும், ‘வங்கிக் கணக்கைச் சரிபார்க்க 10 ரூபாய் அனுப்புங்கள்’ என்பதும், தளத்தின் உதவி எண் என்று கூகுளில் தேடிக் கிடைத்த எண்ணில் பேசி ‘திரையைப் பகிருங்கள்’ என்பவரும் ஒரே கூட்டம்தான். கமிஷனில் பங்கு தருகிற தளம் உங்களிடமிருந்து ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டியதில்லை, கூட்டிவந்ததற்கான கூலியைக் கடைதான் அதற்குத் தருகிறது.

பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால், முதல் வேலை சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்வது, அடுத்தது வங்கிக்குச் சொல்வது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. பேசும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: எந்த வங்கி, எத்தனை மணிக்குப் போனது, எவ்வளவு, யாருடைய யுபிஐ முகவரிக்கு, அப்புறம் பரிவர்த்தனை விவரத்தில் இருக்கும் 12 இலக்கக் குறிப்பு எண். அந்த எண்ணைத் தேடி நேரம் போகிறது என்றால் முதலில் போன் செய்துவிட்டு, பேசிக்கொண்டே தேடுங்கள்.